வால் சிற்றூரும் பேட்லேண்ட்ஸ் புல்வெளியும்: இரண்டு இரவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

தெற்கு டகோட்டாவின் மேற்குப் பாதியில், ஐ-90 நெடுஞ்சாலையின் 109, 110ஆம் எக்ஸிட்டுகளை ஒட்டி, சுமார் 700 பேர் வசிக்கும் வால் என்னும் ஊர் இருக்கிறது. சிகாகோவிலிருந்தும் மினியாபொலிஸிலிருந்தும் கோடை விடுமுறைக்கு மவுண்ட் ரஷ்மோர், யெல்லோஸ்டோன் என்று காரில் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் இந்த ஊரைக் கடந்துதான் போகின்றன. நண்பகல் வாக்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் சாலையை ஒருமுறை ஓட்டி, நான்கு காட்சிமுனைகளில் படம் எடுத்துக்கொண்டு, வாலில் டோனட் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் ரேபிட் சிட்டி போய்ச் சேர்ந்துவிடுவதே பலருடைய வழக்கம். அந்த நேரத்தில் வெயில் உச்சியில் நிற்பதால் குன்றுகளின் நிறப்பட்டைகள் வெளிறிக் கிடக்கும்; விலங்குகள் கண்ணில் படா; குழந்தைகள் காரை விட்டு இறங்கவே மறுப்பார்கள். இடத்தில் குறையில்லை, பொழுதுதான் தவறு. ஆகவே இந்த வழிகாட்டி பொழுதுகளின் வரிசையில் அமைகிறது: விடியலிலும் மாலையிலும் வெளியே, நடுப்பகலில் கூரைக்குக் கீழே அல்லது பூமிக்குக் கீழே. அதற்கு வாலில் இரண்டு இரவுகள் தங்க வேண்டும்.

எந்த மாதத்தில் செல்வது

இந்தப் பகுதியில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலிருந்து 46 டிகிரிக்கு மேல் வரை சென்றதுண்டு. ஆண்டு முழுவதற்கும் சுமார் 16 அங்குல மழைதான் பெய்கிறது. அதிலும் ஜூன் மாதமே மற்றவற்றைவிட ஈரமானது. மே பிற்பகுதியிலும் ஜூனிலும் புல் பச்சையாக இருக்கும். பைசன் என்னும் காட்டெருதுகளின் கன்றுகள் செம்பழுப்பு நிறத்தில் தாய்மாரின் கால்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் புல் வைக்கோல் நிறத்துக்கு மாறி, பிற்பகல்களில் இடியும் ஆலங்கட்டியுமாகத் திடீர் மழை வரும். ஆகஸ்ட் முதல் வாரத்தை ஒட்டி, மேற்கே உள்ள ஸ்டர்ஜிஸ் ஊரில் மோட்டார் சைக்கிள் பேரணி நடக்கும்போது வட்டாரம் முழுவதும் விடுதி அறைகள் நிரம்பிவிடுவதால், அந்த நாட்களைத் தவிர்ப்பது நல்லது. பள்ளிப் பிள்ளைகள் இல்லாதவர்கள் செப்டம்பரைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து: வெயில் தணிந்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும், பெரும்பாலான சேவைகள் இன்னும் மூடப்பட்டிரா. குளிர்காலத்திலும் பூங்கா திறந்தே இருக்கிறது. ஆனால் பனிப்புயலில் ஐ-90 சாலையையே மூடிவிடும் நாடு இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தங்குமிடமும் முன்னேற்பாடும்

குடும்பத்தோடு செல்பவர்களுக்கு வாலில் உள்ள விடுதிகளே வசதியானவை. ஊரிலிருந்து பூங்காவின் பினக்கிள்ஸ் வாயில் பத்து மைலுக்குள் இருக்கிறது. பூங்காவுக்கு உள்ளேயே தங்க விரும்புவோருக்கு, கிழக்குப் பக்கத்தில் சீடர் பாஸ் என்னும் இடத்தில் சிறு குடில்களும் கூடாரம் அடிக்கும் திடலும் உள்ளன. கோடைக்கு வெகு முன்பே பதிவு செய்தாக வேண்டும். மேற்குப் பக்கத்திலுள்ள சேஜ் கிரீக் முகாம் திடலுக்குக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை, குடிநீரும் இல்லை. முந்தி வருபவர்களுக்கு இடம். காலையில் கூடாரத்தின் வாயிலைத் திறந்தால் வெளியே பைசன் நிற்கக்கூடிய இடம் அது, அதை விரும்புகிறவர்களுக்கு மட்டும் ஏற்றது. பூங்காவுக்கு வெளியே, பினக்கிள்ஸ் வாயிலுக்கு அருகில், பஃபலோ கேப் தேசியப் புல்வெளியைச் சேர்ந்த நிலத்திலும் கட்டணமின்றி முகாமிடலாம். எங்கே தங்கினாலும் பூங்காவின் எல்லைக்குள் விறகுத் தீ மூட்டக் கூடாது. காய்ந்த புல்லில் ஒரு பொறி போதும் என்பதால் இத்தடைக்கு விலக்கே கிடையாது. சமையலுக்கு எரிவாயு அடுப்பைப் பயன்படுத்தலாம்.

நுழைவுக் கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர். அது ஏழு நாட்களுக்குச் செல்லும். ரஷ்மோருக்குப் பின் யெல்லோஸ்டோன் வரை போகிறவர்கள் எல்லாத் தேசியப் பூங்காக்களுக்குமான ஆண்டு அட்டையை வாங்குவதே சிக்கனம். 2026 முதல் அதன் விலை அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலராகவும் வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250 டாலராகவும் பிரிக்கப்பட்டிருப்பதால், ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்திருப்பவர்கள் அட்டையை யார் பெயரில் வாங்குவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கிலிருந்து வருபவர்கள் வழியில் மத்திய நேரத்திலிருந்து மலை நேரத்துக்கு மாறுவார்கள்; கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னே போகும். அந்தக் கூடுதல் மணியை முதல் நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். பூங்காவுக்குள் பெட்ரோல் கிடைக்காது, பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞையும் எட்டாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் கணக்கிட்டுக் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்; அங்குள்ள ஓடைநீரில் நுண்ணிய களிமண் கலந்திருப்பதால் வடிகட்டிக்கூடக் குடிப்பது கடினம். உணவைப் பொறுத்தவரை, இது மாட்டிறைச்சியும் பைசன் இறைச்சியும் ஆளும் நாடு. சைவர்கள் வருகிற வழியிலேயே பெரிய ஊர் ஒன்றில் தேவையானதை வாங்கிவிட வேண்டும். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனால், பூங்காப் பகுதியிலுள்ள கொனாட்டா வடிநிலத்தின் மேசைகளில் அமர்ந்து சாப்பிடுவதற்கு ஈடான மதிய உணவு வாலின் எந்தக் கடையிலும் இல்லை.

முதல் நாள் மாலை: சேஜ் கிரீக் மண் சாலை

பிற்பகலில் வால் வந்து அறையில் சுமைகளை இறக்கியதும், சூரியன் மறைவதற்கு மூன்று மணி நேரம் முன்பாகக் கிளம்புங்கள். பினக்கிள்ஸ் வாயில் வழியாக உள்ளே சென்றதும் வலப்புறம் ஒரு மண் சாலை பிரியும். அதுதான் சேஜ் கிரீக் விளிம்புச் சாலை. பெரும்பாலான கார்கள் தார்ச் சாலையிலேயே நேராகச் சென்றுவிடுவதால் இங்கே கூட்டம் இராது. சாதாரணக் காரிலேயே போகலாம். ஆனால் கனமழைக்குப் பின் இந்தச் சாலை வண்டியை விழுங்கிவிடும் சேறாகிவிடும், அன்றைக்கு முயலவே கூடாது.

பேட்லேண்ட்ஸ் என்றதும் எல்லோரும் செதுக்கியது போன்ற குன்றுகளையே நினைக்கிறார்கள். பூங்காவின் பரப்பு சுமார் 2,44,000 ஏக்கர். அதில் கணிசமான பகுதியில் இருப்பது புல். கிழக்கே உயரமான புல்லும் மேற்கே குட்டைப் புல்லும் வளரும் பெருஞ்சமவெளியில், இரண்டும் கலந்து வளரும் நடுப்பட்டை இது. ஏறத்தாழ 60 வகைப் புற்கள் இங்கே உண்டு. குன்றுகள் என்பவை அந்தப் புல்வெளி அரிக்கப்பட்டு இடிந்த விளிம்புகளே. சேஜ் கிரீக் சாலையின் முதல் காட்சிமுனையில் நின்றால் ஒரு கண்ணில் இடிந்த விளிம்பும் மறு கண்ணில் இன்னும் இடியாத புல்வெளியும் தெரியும். இங்கே தொடங்கினால் மறுநாள் காணப்போகும் குன்றுகளின் கதை தானாகவே புரிந்துவிடும்.

சாலையில் சில மைல் சென்றதும் ராபர்ட்ஸ் பிரெய்ரி நாய்க் குடியிருப்பு வரும். பெயரில் நாய் இருந்தாலும் இவை தரையில் வளை தோண்டி வாழும் அணில் இனத்தவை. நூற்றுக்கணக்கான மண்மேடுகளின் மேல் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நின்று, ஆளைக் கண்டதும் கீச்சிட்டு எச்சரிக்கும். குழந்தைகள் கைநீட்டிக் கடலை கொடுக்க ஆசைப்படுவார்கள். உறுதியாகத் தடுக்க வேண்டும். இவற்றின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிகள் பிளேக் நோயைச் சுமக்கின்றன. 2008ஆம் ஆண்டில் கொனாட்டா வடிநிலத்தில் அந்நோய் பரவி இவற்றைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. வளைகளில் கிலுகிலுப்பை விரியன்களும் குடியிருப்பதால், வளை வாயில் கைவைப்பதும் காலை வைப்பதும் ஆபத்து.

இந்த அணில்களை நம்பியே வட அமெரிக்காவின் மிக அரிய பாலூட்டிகளுள் ஒன்று உயிர் வாழ்கிறது. கருங்கால் ஃபெரெட் என்னும் அந்தக் கீரி போன்ற வேட்டையாடியின் உணவில் ஏறத்தாழ முழுப் பங்கும் பிரெய்ரி நாய்தான். அது உறங்குவதும் குட்டி ஈனுவதும் பிரெய்ரி நாயின் வளைகளில்தான். பண்ணையாளர்கள் பிரெய்ரி நாய்களை நஞ்சிட்டு ஒழித்ததில் ஃபெரெட்டும் ஒழிந்தது. அது பூண்டோடு அழிந்துவிட்டது என்றே கருதியிருந்த வேளையில், 1981இல் வயோமிங்கின் மீட்டீட்ஸி ஊருக்கருகே ஒரு பண்ணை நாய் செத்த ஃபெரெட் ஒன்றைக் கவ்வி வந்து வீட்டு வாசலில் போட்டது. அதைத் தொடர்ந்து தேடிக் கண்டுபிடித்து, கடைசியாக எஞ்சிய 18 விலங்குகளை 1987க்குள் பிடித்து வளர்த்து, அவற்றின் வழிவந்தவற்றை 1994 முதல் பேட்லேண்ட்ஸிலும் கொனாட்டா வடிநிலத்திலும் விட்டார்கள். இரவில் நடமாடும் இவ்விலங்கு பயணிகளின் கண்ணில் படுவது மிக அரிது. ஆனாலும் பகலில் காணும் அந்தக் கீச்சிடும் கூட்டத்தின் கீழே அது உறங்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து பார்ப்பது வேறு.

பைசன்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. சேஜ் கிரீக் சாலையில் மாலையில் மெதுவாகச் சென்றால் பெரும்பாலும் அவையே சாலையில் நிற்கும். இந்நிலத்திலிருந்து முற்றிலும் ஒழிக்கப்பட்டிருந்த அவற்றை 1963இல் மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். அடுத்த ஆண்டு பெருங்கொம்புக் காட்டாடுகளும் வந்தன. 900 கிலோவை எட்டக்கூடிய ஆண் பைசன் மந்தமாக மேய்வதைக் கண்டு ஏமாறக் கூடாது. மனிதனைவிட மிக வேகமாக ஓடக்கூடியது அது. 100 கெஜத்துக்குக் குறையாமல் விலகி நில்லுங்கள். கையை முன்னே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால் அந்த விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் நெருங்கிவிட்டீர்கள். சூரியன் மறையும் நேரத்துக்குப் பினக்கிள்ஸ் காட்சிமுனைக்குத் திரும்பி வந்துவிடலாம்.

இரண்டாம் நாள் விடியல்: கிழக்கு முனையின் நடைத்தடங்கள்

விடியலுக்கு ஒரு மணி நேரம் முன்பாக வாலிலிருந்து புறப்பட்டு, பூங்காவின் கிழக்குக் கோடியிலுள்ள பிக் பேட்லேண்ட்ஸ் காட்சிமுனையை அடையுங்கள். இருட்டில் மான்கள் சாலையைக் கடக்கும் என்பதால் வேகம் வேண்டாம். கீழ்வானம் வெளுத்து முதல் ஒளி பக்கவாட்டில் விழும் இருபது நிமிடங்களில்தான் குன்றுகளின் பட்டைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும்.

அங்கிருந்து சற்றுத் தெற்கே, ஒரே வாகன நிறுத்தத்திலிருந்து மூன்று நடைத்தடங்கள் கிளம்புகின்றன. விண்டோ தடம் போக வரக் கால் மைல்தான், மரப்பலகை பாவியது, சக்கர நாற்காலியிலும் செல்லலாம். டோர் தடத்தின் முதல் பகுதியும் அப்படியே. பலகை முடிந்த இடத்திலிருந்து மஞ்சள் கம்பங்களைப் பின்பற்றி வெறும் களிமண் மேட்டின் மேல் நடக்கலாம். மொத்தம் முக்கால் மைல். முழங்கால் வலியுள்ள பெற்றோரை அழைத்து வந்தவர்களுக்கு இவ்விரண்டும், பார்வையாளர் மையத்துக்கு மேற்கேயுள்ள புதைபடிவக் காட்சித் தடமும் போதுமானவை.

மூன்றாவதான நாட்ச் தடம் வேறு ரகம். போக வர ஒன்றரை மைல். நடுவே மரக்கட்டைகளைக் கம்பியில் கோத்த ஏணி ஒன்று சரிவில் சாய்ந்து கிடக்கிறது. ஏறுவது எளிது, இறங்குவதில்தான் கால் நடுங்கும். ஏணிக்கு மேலே பாதை பாறை விளிம்பை ஒட்டிச் செல்கிறது. தடுப்புக் கம்பி எதுவும் இல்லை. முடிவில் பாறை இடுக்கு ஒன்று திறந்து, ஒயிட் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே விரிகிறது. உயரத்துக்கு அஞ்சுபவர்களும் சிறு குழந்தைகளைத் தூக்கிச் செல்பவர்களும் இதைத் தவிர்க்கலாம். முந்தின நாள் மழை பெய்திருந்தால் யாருமே போகக் கூடாது: இந்த மண்ணிலுள்ள பெண்டோனைட் களிமண் ஈரம் பட்டதும் உப்பி வழுக்குவதோடு, காலணியில் அடுக்கடுக்காக ஒட்டி ஒவ்வொரு காலையும் கல்லாக்கிவிடும். தடம் திறந்திருக்கிறதா என்பதை முதல் நாளே பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

நெடுநடை விரும்பிகளுக்கு காசில் தடம் இருக்கிறது. டோர் தடத்தின் எதிர்ப்புறத்தில் தொடங்கிப் புதைபடிவத் தடம் வரை ஐந்து மைல். திரும்பி வந்தால் பத்து. அதைவிட, சாடில் பாஸ் என்னும் கால் மைல் செங்குத்தில் ஏறி, மேலே மெடிசின் ரூட் தடத்தோடு சேர்த்துச் சுற்றி வருவதையே நான் பரிந்துரைப்பேன். குன்றும் புல்லும் மாறி மாறி வரும் நடை அது. இந்தப் பூங்காவில் தடத்தை விட்டு விலகி எங்கும் நடக்க அனுமதி உண்டு. அது அபூர்வமான சுதந்திரம். ஆனால் நிழலே இல்லாத இந்த நிலத்தில் கோடையில் பத்து மணிக்குள் நடையை முடித்துவிட வேண்டும்.

குன்றுகளை எப்படிப் படிப்பது

நடை முடிந்ததும் பென் ரைஃபல் பார்வையாளர் மையத்துக்குச் செல்லுங்கள். பழங்குடி மக்களுக்கான ரோஸ்பட் ஒதுக்கீட்டு நிலத்தில் பிறந்து, 1961 முதல் 1971 வரை தெற்கு டகோட்டாவின் பிரதிநிதியாக அமெரிக்க நாடாளுமன்றத்தில் அமர்ந்த லகோட்டா இனத்தவரின் பெயர் அது. இங்கே குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் பயிற்சி ஏடு தருகிறார்கள். அதை நிரப்பிக் கொடுத்தால் உறுதிமொழி ஏற்கச் செய்து சின்னம் அணிவிப்பார்கள். எந்தக் கைபேசி விளையாட்டையும் அது வென்றுவிடும்.

குன்றின் பட்டைகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் உள்ள கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறை, 7.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இக்கண்டத்தின் நடுவே கிடந்த கடலின் அடிச்சேறு. கடல் வடிந்தபின் அந்தச் சேற்றின் மேற்பரப்பு வெயிலிலும் மழையிலும் மக்கி மஞ்சள் மண்ணானது. எல்லோ மவுண்ட்ஸ் காட்சிமுனையில் தெரிவது அதுவே. அதன் மேலுள்ள சாம்பல் நிற அடுக்கு 3.7 கோடி முதல் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அப்போது இங்கே வெப்பமும் ஈரமும் மிக்க காடு இருந்தது, காண்டாமிருகம் போன்ற உருவுடைய டைட்டனோதீர்கள் திரிந்தன. அதற்கும் மேலே இளஞ்சிவப்பு வரிகளோடு தெரியும் புரூல் அடுக்கில் காடு குறைந்து திறந்த வெளி பெருகியது பதிவாகியிருக்கிறது. ஒவ்வொரு சிவப்பு வரியும் ஒரு காலத்தில் செடி வளர்ந்த நிலமட்டம். உச்சியில், மேற்கே வெடித்த எரிமலைகளின் சாம்பல் வெள்ளைப் பட்டையாகப் படிந்திருக்கிறது.

இவ்வளவும் படிவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆயின. ஆறுகள் இவற்றை அறுக்கத் தொடங்கி சுமார் ஐந்து லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் அங்குலம் என்ற கணக்கில் கரையும் இந்தக் குன்றுகள், இன்னுமோர் ஐந்து லட்சம் ஆண்டுகளில் இல்லாமலே போய்விடும் என்கிறார்கள். மறுநாள் நீங்கள் பார்க்கப்போகும் ரஷ்மோர் மலையில் செதுக்கிய அதிபர் முகங்களின் கருங்கல் ஓர் அங்குலம் தேயப் பத்தாயிரம் ஆண்டுகள் ஆகும்.

இந்த வேகமான அரிப்பினால்தான் புதைபடிவங்கள் தினந்தோறும் வெளிப்படுகின்றன. 2010ஆம் ஆண்டில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, பார்வையாளர் மையத்துக்கு அருகிலேயே வாள்பல் பூனை போன்றதொரு விலங்கின் மண்டையோட்டைக் கண்டு அதிகாரிகளிடம் சொன்னாள். எலும்பு போன்று எதையேனும் கண்டால் தொடாமல், எடுக்காமல், இடத்தைக் குறித்துப் படமெடுத்து மையத்தில் தெரிவியுங்கள். கோடையில் இங்குள்ள ஆய்வகத்தில் வல்லுநர்கள் எலும்புகளைச் சுத்தம் செய்வதை நேரே நின்று பார்க்கலாம். மூன்று விரல் குதிரையைப் பற்றியும் ஓரியோடான்ட் என்னும் செம்மறி போன்ற பழங்கால விலங்கைப் பற்றியும் எத்தனை கேள்வி கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்கிறார்கள்.

இரண்டாம் நாள் நடுப்பகல்: நிலத்துக்குக் கீழே

வெயில் ஏறியதும் வடகிழக்கு வாயில் வழியாக வெளியேறினால் ஐ-90இன் 131ஆம் எக்ஸிட்டை அடைவீர்கள். வழியில், 1909இல் ஒரு குடியேறிக் குடும்பம் புற்கரணைகளை அடுக்கிக் கட்டிய மண் வீடு இன்றும் நிற்கிறது. தனியார் நடத்தும் அந்த இடத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. மரமே இல்லாத நாட்டில், வேரோடு வெட்டியெடுத்த புல்லே செங்கல்.

எக்ஸிட்டுக்கு அருகில் மினிட்மேன் ஏவுகணை வரலாற்றுத் தலத்தின் பார்வையாளர் மையம் இருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் இந்தப் புல்வெளியில் 150 அணு ஏவுகணைகள் புதைந்து நின்றன. பத்து ஏவுகணைகளுக்கு ஒன்று என்று 15 கட்டுப்பாட்டு அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு அதிகாரிகள், ஆளுக்கொரு சாவியோடு, 24 மணி நேரமும் காத்திருந்தார்கள். 1991இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் செய்த உடன்படிக்கைக்குப் பின் அவை அகற்றப்பட்டு, ஓர் அறையும் ஒரு குழியும் மட்டும் காட்சிக்காக விடப்பட்டன. 127ஆம் எக்ஸிட்டிலுள்ள டெல்டா-01இல், 31 அடி ஆழத்திலுள்ள அந்த அறைக்குள் சிறு சிறு குழுக்களாக அழைத்துச் செல்கிறார்கள். பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. அதன் எட்டு டன் கதவில், முப்பது நிமிடத்தில் உலகெங்கும் விநியோகம் என்று பீட்சா விளம்பரத்தைக் கேலி செய்து வீரர்கள் தீட்டிய ஓவியம் அப்படியே இருக்கிறது. பதிவு கிடைக்காதவர்கள் 116ஆம் எக்ஸிட்டில் டெல்டா-09க்குப் போகலாம்: கட்டணமில்லை, கண்ணாடிக் கூரையின் வழியே, 80 அடிக் குழியில் நிற்கும் வெற்று ஏவுகணையை எட்டிப் பார்க்கலாம். சுற்றிலும் மாடுகள் மேய்கின்றன. அன்றும் மேய்ந்தன, பண்ணையாளர்கள் வேலிக்கு அப்பால் அணுகுண்டை வைத்துக்கொண்டுதான் வைக்கோல் அறுத்தார்கள்.

வால் ஊருக்குள்

மருந்துக்கடை நடத்த இவ்வூருக்கு 1931இல் வந்த டெட் ஹஸ்டெட்டும் அவர் மனைவி டோரதியும், பொருளாதாரப் பெருமந்தத்தில் வாடிக்கையாளரின்றி ஐந்தாண்டுகள் தவித்தார்கள். 1936 கோடையில், தூசி பறக்கும் சாலையில் ரஷ்மோரை நோக்கி ஓடும் கார்களைக் கண்ட டோரதி, இலவசமாக ஐஸ் தண்ணீர் தருவதாகச் சாலையோரம் பலகைகள் வைக்கலாம் என்றார். அன்று தொடங்கிய கூட்டம் இன்றும் நிற்கவில்லை. வால் டிரக் (Wall Drug) என்னும் அக்கடை இப்போது ஒரு தெருப்பக்கத்தையே அடைத்துக்கொண்டிருக்கிறது. கர்ஜிக்கும் டைனோசரும் கொம்பு முளைத்த முயல் சிலையும் குழந்தைகளுக்கு, டோனட்டும் ஐந்து சென்ட் காபியும் பெரியவர்களுக்கு. ஐஸ் தண்ணீர் இன்றும் இலவசம். ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும். நினைவுப்பொருள் கடைகளுக்கு அதற்கு மேல் தர நான் உடன்பட மாட்டேன்.

அதே தெருவில் வனத்துறை நடத்தும் தேசியப் புல்வெளிகள் பார்வையாளர் மையத்தில் கூட்டமே இராது. வறண்ட மேற்கில் 160 ஏக்கர் நிலத்தை உழுது ஒரு குடும்பம் பிழைக்க முடியாது என்பதை 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் நிரூபித்தபின், கைவிடப்பட்ட நிலங்களை அரசு விலைக்கு வாங்கி, 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின் உதவியோடு மீண்டும் புல் வளர்த்தது. அப்படி உருவானவையே தேசியப் புல்வெளிகள். வாலைச் சுற்றியுள்ள பஃபலோ கேப் புல்வெளி ஆறு லட்சம் ஏக்கரை ஒட்டியது. தேசியப் பூங்காவில் ஒரு கூழாங்கல்லையும் எடுக்கக் கூடாது. இந்தப் புல்வெளியில் அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஃபேர்பர்ன் அகேட் போன்ற அழகுக் கற்களைத் தரையிலிருந்து சிறிதளவு பொறுக்கிக்கொள்ளலாம். எந்தெந்த இடங்கள் என்பதை இங்கேயே கேட்டு, வரைபடமும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அறைக்குச் சென்று இரண்டு மணி நேரம் தூங்குங்கள். கோடை இரவுகளில் சீடர் பாஸ் அரங்கத்தில் ரேஞ்சர்கள் தொலைநோக்கி வைத்து விண்மீன்களைக் காட்டுகிறார்கள். இருட்டிய பின்பே தொடங்கும் அந்நிகழ்ச்சிக்கு விழித்திருக்க இந்தத் தூக்கம் தேவை. பால்வழி மண்டலம் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் நிலவில்லாத வாரமாகப் பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: தெற்கே செல்வதானால்

நேரமும் மனமும் உள்ளவர்கள் பூங்காவின் தெற்குப் பகுதிக்குச் செல்லலாம். அது பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலத்தில், ஓக்லாலா லகோட்டா மக்களுக்கு உரிய மண்ணில் அமைந்தது. 1942இல் விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிக்காக அரசு இந்நிலத்தை எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த குடும்பங்களைக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றியது. வெடிக்காத குண்டுகள் இன்னும் கிடைக்கக்கூடும் என்பதால், உலோகப் பொருள் எதையும் தொடக் கூடாது. குறிக்கப்பட்ட நடைத்தடங்கள் இங்கே இல்லை. கோடையில் மட்டும் திறக்கும் ஒயிட் ரிவர் பார்வையாளர் மையத்தில் கேட்டறிந்த பின்பே இறங்கி நடக்க வேண்டும். 1890 டிசம்பரில், லகோட்டா தலைவர் ஸ்பாட்டட் எல்க் தம் மக்களோடு பேட்லேண்ட்ஸ் சுவர் என்னும் செங்குத்துக் குன்றுத்தொடரைக் கடந்து தெற்கே இறங்கினார். அம்மாதம் 29ஆம் தேதி வூண்டட் நீ ஓடையருகே, பெண்களும் குழந்தைகளும் உட்பட அவர்களில் குறைந்தது 150 பேரை அமெரிக்கப் படை கொன்றது. அங்குள்ள கல்லறை இன்றும் புதையிடமாகவே மதிக்கப்படுகிறது. செல்வதானால் குரலைத் தாழ்த்திச் செல்லுங்கள். கேமராவைக் காரில் விட்டுவிடுவது மேல்.

நேரமில்லாதவர்கள், ரேபிட் சிட்டிக்கு ஐ-90இல் போகாமல், பூங்காவின் தெற்கு விளிம்பிலுள்ள இன்டீரியர் ஊரிலிருந்து 44ஆம் எண் சாலையில் மேற்கே செல்லலாம். கூடுதல் நேரம் எடுக்கும். பதிலாக வழி நெடுகப் புல்வெளியே துணை வரும். வழியில் உள்ள சீனிக் என்னும் ஊரில் ஏறக்குறைய எல்லாமே மூடிக் கிடப்பதால், பெட்ரோலை வாலிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.